ஜென்டாமைசின் ஊசி: தெரிந்து போட்டுக்கொள்ளுங்கள்



நம் தோட்டத்து மக்களிடம் ஊசிக்கு ஒரு தனி மரியாதை உண்டு. டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தால், "என்னங்க டாக்டர், ஊசி போடலையா?" என்று கேட்டு நிற்பவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். ஊசி போட்டால்தான் காய்ச்சல் விடும், மாத்திரையெல்லாம் சும்மா என்பது நம்முடைய எண்ணம். ஆனால் எல்லா ஊசியும் ஒன்றல்ல.

பெரிய ஆஸ்பத்திரியில் வார்டில் படுத்திருப்பவர்களுக்குப் போடப்படும் ஊசிகளில் ஜென்டாமைசின் என்று ஒன்று உண்டு. அது எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றிய நல்ல மருந்து. அதே சமயம் சிறுநீரகத்தையும் காதையும் கெடுக்கக்கூடிய மருந்து. சிறுநீரகம் கெட்டால் பெரும்பாலும் தேறிவிடும். காது கெட்டால் திரும்பி வராது. ஆகையால் நோயாளியும் அவர் வீட்டாரும் சில விஷயங்களைத் தெரிந்து வைத்துக்கொண்டு, நேரத்தோடு வாய் திறந்து சொல்ல வேண்டும். இந்தக் கட்டுரை அதற்காகத்தான்.

இது எங்கிருந்து வந்தது?

மண்ணிலிருந்து வந்தது என்றால் ஆச்சரியமாக இருக்கும். மண்ணில் வாழும் சில நுண்ணுயிர்கள் மற்றக் கிருமிகளைக் கொல்லும் சரக்கைத் தாங்களே உண்டாக்குகின்றன. 1943-இல் அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில், செல்மன் வாக்ஸ்மன் என்பவரின் ஆய்வுக்கூடத்தில், ஆல்பர்ட் ஷாட்ஸ் என்ற இளம் மாணவர் அப்படிப்பட்ட ஓர் உயிரிலிருந்து ஸ்ட்ரெப்டோமைசின் என்னும் மருந்தைக் கண்டெடுத்தார். காச நோயை எதிர்த்து நன்றாக வேலை செய்த முதல் மருந்து அதுதான். வாக்ஸ்மனுக்கு 1952-இல் நோபல் பரிசு கிடைத்தது.

நம் தோட்டங்களில் உள்ள பெரியவர்களுக்கு ஸ்ட்ரெப்டோமைசின் ஞாபகம் இருக்கும். மலேசியாவில் 1961-இல் தேசிய காச நோய்த் தடுப்புத் திட்டம் தொடங்கியது. அதற்குப் பிறகு பல ஆண்டுகள் காச நோய்ச் சிகிச்சையில் இந்த ஊசிக்கு இடம் இருந்தது. "அந்த ஊசி போட்டதிலிருந்து அவருக்குக் காது மந்தம்", "நடந்தா தள்ளாடுவாரு" என்று பெரியவர்கள் சொல்வது கட்டுக்கதை அல்ல. இந்த மருந்தை வாங்கிக்கொண்ட முதல் நோயாளிகளிடமே டாக்டர்கள் தலைசுற்றலையும் தள்ளாட்டத்தையும் கண்டார்கள். இன்று புதிதாகக் காச நோய் கண்டவருக்கு மாத்திரைகளே முக்கிய சிகிச்சை. எனவே பழைய பயத்தை வைத்துக்கொண்டு யாரும் காச நோய்ச் சிகிச்சைக்குப் போகாமல் இருக்க வேண்டாம்.

ஜென்டாமைசின் அந்த ஸ்ட்ரெப்டோமைசினுக்குத் தம்பி முறை. 1963-இல் அமெரிக்காவின் ஷெரிங் நிறுவனத்தார் இதை வெளியுலகுக்கு அறிவித்தார்கள். கானமைசின், அமிகாசின், நியோமைசின் எல்லாம் இதே குடும்பம். குடும்பப் பெயர் அமினோகிளைக்கோசைடு. ஆனால் பெயர் "மைசின்" என்று முடிந்தாலே இந்தக் குடும்பம் என்று நினைத்துவிடாதீர்கள். எரித்ரோமைசின், அசித்ரோமைசின், கிளிண்டாமைசின் போன்றவை வேறு இனம். இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு அவற்றை நிறுத்திவிட வேண்டாம்.

எப்படி வேலை செய்கிறது?

ஒவ்வொரு கிருமிக்குள்ளும் அதன் உடம்புக்கு வேண்டிய புரதங்களைச் செய்யும் சின்னஞ்சிறு பட்டறைகள் உண்டு. ஜென்டாமைசின் உள்ளே புகுந்து அந்தப் பட்டறையில் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் பட்டறை தப்பும் தவறுமாகச் சரக்கைச் செய்யும். கோணல் புரதங்களால் கிருமியின் மேல்தோலே ஓட்டையாகி, கிருமி செத்துப்போகும்.

கிருமிக்குள் இந்த மருந்து புகுவதற்கு ஆக்ஸிஜன் வேண்டும். அதனால் காற்றுப் படாமல் உள்ளே தேங்கிக் கிடக்கும் சீழ்க்கட்டியில் இது சரியாக வேலை செய்யாது. கட்டியைக் கீறிச் சீழை எடுத்தால்தான் குணமாகும். "ஊசி போட்டாச்சே, இன்னும் ஏன் கத்தி?" என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

இதை விழுங்கினால் குடல் இரத்தத்துக்குள் விடாது. வயிற்று வழியாக வந்தபடியே போய்விடும். ஆகவேதான் நரம்பிலோ சதையிலோ ஊசியாகப் போடுகிறார்கள். ஊசி பெரிய மருந்து, மாத்திரை சின்ன மருந்து என்பதால் அல்ல.

எந்த நோய்க்கு உதவும்? எதற்கு உதவாது?

சிறுநீர்ப் பாதையிலிருந்து சிறுநீரகம்வரை ஏறிவிட்ட கிருமிக் காய்ச்சல், இரத்தத்தில் கிருமி கலந்து உயிருக்குப் போராடும் நிலை, இதயத்தின் வால்வில் கிருமி பிடித்த சில நோய்கள் ஆகியவற்றுக்கு டாக்டர்கள் இதைக் கொடுக்கிறார்கள். பிறந்த சிசுவுக்கு இரத்தத்தில் கிருமி என்று சந்தேகம் வந்தால் ஆம்பிசிலினோ பெனிசிலினோ ஒரு பக்கம், ஜென்டாமைசின் ஒரு பக்கம் என்று சேர்த்துக் கொடுப்பது உலகமெங்கும் உள்ள வழக்கம். அந்த நேரத்தில் தாமதித்தால் பிள்ளையே தங்காது. "காது கெட்டுவிடும்" என்று பயந்து பெற்றோர் தடுக்கக் கூடாது.

சளி, இருமல், ஃபுளு ஆகியவற்றுக்கு இது உதவாது. டெங்கியும் வைரஸால் வருவது. எந்த ஆன்டிபயாட்டிக்கும் டெங்கியைக் கொல்லாது. டெங்கியில் இரத்தம் உறையும் சக்தி குறைந்திருக்கும் வேளையில் சதையில் ஊசி குத்தினால் உள்ளே இரத்தம் கட்டிக்கொள்ளவும் கூடும். ஆகையால் காய்ச்சல் என்று போனவுடன் ஊசிக்கு வற்புறுத்தாதீர்கள். முதலில் இரத்தப் பரிசோதனை செய்யட்டும்.

சிறுநீரகத்துக்கு என்ன செய்யும்?

இந்த மருந்து உடம்பில் கரைந்து மாறுவதில்லை. போட்டது போட்டபடியே சிறுநீரகம் வழியாக வெளியேறும். நல்ல சிறுநீரகம் உள்ள பெரியவருக்கு இரண்டு மூன்று மணி நேரத்தில் இரத்தத்தில் உள்ள மருந்தில் பாதி போய்விடும். சிறுநீரகம் பழுதானவருக்கு அது நெடுநேரம் உடம்பிலேயே தேங்கும். தேங்கிய மருந்து சிறுநீரகத்தை மேலும் கெடுக்கும். கெட்ட சிறுநீரகம் மருந்தை மேலும் தேக்கும். இந்தச் சுழலில்தான் ஆபத்து.

சிறுநீரகக் கோளாறு பெரும்பாலும் ஊசி தொடங்கி ஐந்து ஏழு நாளுக்குப் பிறகு தலை காட்டும். இன்னொன்றையும் கவனியுங்கள். "மூத்திரம் நல்லாத்தானே போகுது" என்று நம்பி இருந்துவிட முடியாது. இந்த மருந்தால் சிறுநீரகம் கெடும்போது மூத்திரம் வழக்கம்போலவே போய்க்கொண்டிருக்கலாம். இரத்தத்தில் கிரியாட்டினின் அளவு பார்த்தால்தான் தெரியும். அதற்காகத்தான் வார்டில் திரும்பத் திரும்ப இரத்தம் எடுக்கிறார்கள். "இருக்கிற இரத்தத்தையெல்லாம் உறிஞ்சிடறாங்க" என்று கோபப்பட வேண்டாம். நேரத்தோடு கண்டுபிடித்து மருந்தை நிறுத்தினால் சிறுநீரகம் பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்பும்.

பெரியவர்கள் பலருக்கு நாள் ஒன்றுக்கு மூன்று தடவை போடாமல், எடைக்குத் தக்கபடி ஒரே தடவையாகப் போடுவதும் இதனால்தான். ஒரே சமயத்தில் மருந்து மிகுந்தால் கிருமி நன்றாகச் சாகும். பிறகு மீதி நேரம் மருந்து வடிந்து சிறுநீரகம் இளைப்பாறும்.

காதுக்கு என்ன செய்யும்?

நம் உட்காதில் நத்தைக்கூடு போன்ற ஓர் உறுப்பு உண்டு. அதில் மயிர் போன்ற நுனியுள்ள நுண்ணிய அணுக்கள் இருக்கின்றன. சத்தத்தைப் பிடித்து மூளைக்கு அனுப்புவது இவைதான். பக்கத்திலேயே உடம்பைத் தள்ளாடாமல் நிறுத்தும் உறுப்பு இருக்கிறது. அதிலும் இதே மாதிரி அணுக்கள். ஜென்டாமைசின் இவற்றுக்குள் புகுந்து தங்கிவிடும். மனிதர்களுக்கு இந்த அணுக்கள் செத்தால் மறுபடி முளைப்பதில்லை. பால்மரத்தில் பட்டை வளர்வதுபோல இது வளராது.

கேட்கும் சக்தியில் முதலில் போவது கீச்சென்ற உயர்ந்த சத்தம். பேச்சு கேட்டுக்கொண்டே இருப்பதால் ஆரம்பத்தில் யாருக்கும் தெரியாது. காதில் "ஙொய்" என்ற இரைச்சல் வரும். பிறகு, நாலு பேர் சேர்ந்து பேசும் இடத்தில் பேச்சு புரியாமல் போகும்.

ஜென்டாமைசின் கேட்கும் உறுப்பைவிட நிலை நிறுத்தும் உறுப்பையே அதிகம் தாக்கும். தலை சுற்றும். நடக்கும்போது கண் முன்னே உள்ளதெல்லாம் ஆடுவதுபோல் இருக்கும். பகலில் சமாளிப்பவர் இருட்டில் தள்ளாடுவார். நம் தொழிலை நினைத்துப் பாருங்கள். விடியுமுன் பெரட்டுக்குப் போக வேண்டும். மேட்டிலும் பள்ளத்திலும் ஏறி இறங்க வேண்டும். செம்பனைக் குலை வெட்டுபவர் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நீளக் கம்பில் அரிவாளைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். கால் நிலைக்காதவர் அந்த வேலையில் நின்றால் என்ன ஆகும்?

இந்தக் கோளாறு ஊசி போட்டுக்கொண்டிருக்கும்போதும் வரலாம், நிறுத்திச் சில வாரங்கள் கழித்தும் வரலாம். எனவே வீட்டுக்கு வந்த பிறகும் கவனம் தேவை.

யாருக்கு ஆபத்து அதிகம்?

சிறுநீரகப் பழுது உள்ளவர்கள், வயதானவர்கள், பேதி வாந்தியால் உடம்பில் தண்ணீர் வற்றியவர்கள், பல நாள் ஊசி தொடர வேண்டியவர்கள், முன்பே காது மந்தமானவர்கள் ஆகியோர் கூடுதல் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். சர்க்கரையும் இரத்த அழுத்தமும் சிறுநீரகத்தை மெல்ல அரிக்கும் என்பது நாம் அறிந்ததே. கால் வீக்கத்துக்குக் கொடுக்கும் ஃபுருசமைடு என்னும் நீர் மாத்திரை, சில வலி மாத்திரைகள் ஆகியவை சேர்ந்தாலும் கெடுதல் கூடும்.

மில்லில் இயந்திரச் சத்தத்தில் வேலை செய்பவர்கள் இன்னும் கவனிக்க வேண்டும். சத்தமும் இந்த மருந்தும் உட்காதில் ஒரே அணுக்களைத்தான் அடிக்கின்றன. அளவுக்கு மிஞ்சிய சத்தத்தில் வேலை செய்பவர்களுக்குக் காதுப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று 2019-ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. அந்தச் சீட்டு இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள்.

சில குடும்பங்களில் தாய் வழியாக ஒரு குறை இறங்கி வரும். அவர்களுக்குச் சரியான அளவில் போட்டாலும் காது போய்விடலாம். இதன் காரணம் 1993-இல் கண்டறியப்பட்டது. உங்கள் அம்மா, பாட்டி, தாய்மாமன், சித்தி இவர்களில் யாருக்காவது ஊசிக்குப் பிறகு காது போயிருந்தால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

கர்ப்பிணிகள் மறைக்கவே கூடாது. ஸ்ட்ரெப்டோமைசின் போட்ட தாய்மார் சிலரின் பிள்ளைகள் செவிடாகப் பிறந்ததுண்டு. மயஸ்தீனியா என்னும் தசைத் தளர்ச்சி நோய் உள்ளவர்களுக்கு இந்த ஊசி மூச்சையே தடுக்கக்கூடும்.

சொட்டு மருந்தா? அதுவும் கவனம்!

கண்ணுக்கும் காதுக்கும் விடும் ஜென்டாமைசின் சொட்டு மருந்து உண்டு. காதில் சீழ் வடிகிறது என்று அடுத்த லயத்துக்காரர் விட்டு மிச்சம் வைத்ததை வாங்கிப் பிள்ளையின் காதில் விடாதீர்கள். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் மருந்து நேரே உட்காதுக்குப் போகும். டாக்டர் காதைப் பார்த்த பிறகுதான் விட வேண்டும். மலேசியாவில் ஆன்டிபயாட்டிக்குகள் 1952-ஆம் ஆண்டு நச்சுப் பொருள் சட்டத்தின் கீழ் வருகின்றன. டாக்டர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது.

நீங்கள் செய்ய வேண்டியவை

1. வார்டில் ஊசி போட வரும்போது அதன் பெயரைக் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவல்ல.

2. சாப்பிடும் எல்லா மருந்தையும் பையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். நாட்டு மருந்தையும் சேர்த்துத்தான்.

3. காதில் இரைச்சல், கேட்பதில் மந்தம், தலை கிறுகிறுப்பு, நடையில் தள்ளாட்டம் ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் அன்றைக்கே சொல்லுங்கள். "பலவீனம், சரியாப் போயிடும்" என்று விட்டுவிடாதீர்கள். பாஷை தெரியாவிட்டால் காதைத் தொட்டுக் காட்டுங்கள். தெரிந்தவரை அழைத்துச் சொல்லச் சொல்லுங்கள்.

4. பயந்துகொண்டு நீங்களாக ஊசியை மறுத்துவிட்டு ஓடிவராதீர்கள். இரத்தத்தில் கிருமி கலந்தால் உயிரே போகும். மருந்தை மாற்றுவதா, குறைப்பதா என்று டாக்டர் முடிவு செய்வார்.

5. ஆஸ்பத்திரியிலிருந்து வரும்போது கொடுக்கும் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். எத்தனை நாள் ஊசி போட்டார்கள் என்று அதில் எழுதித் தரும்படி கேளுங்கள். அடுத்த முறை வேறு டாக்டரிடம் போனாலும் உதவும்.

6. வீடு திரும்பிய பின் தள்ளாட்டம் இருந்தால், குலை வெட்டவும் மோட்டார் சைக்கிள் ஓட்டவும் போகாதீர்கள். டாக்டரிடம் எம்.சி. கேளுங்கள், அல்லது லேசான வேலைக்குக் கடிதம் வாங்குங்கள். அந்தக் கடிதத்தை நிர்வாகம் ஏற்க மறுத்தால் உடனே கிளைச் செயலாளரிடம் சொல்லுங்கள். தள்ளாட்டத்துக்குத் தலையையும் உடம்பையும் பழக்கும் பயிற்சிகள் உண்டு; அவற்றை முறையாகச் செய்தால் நடை ஓரளவு தேறும்.

"அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு" என்பார்கள். ஜென்டாமைசின் விஷயத்தில் அளவைப் பார்ப்பது டாக்டரின் பொறுப்பு. காதில் இரைகிறது, கால் நிலைக்கவில்லை என்பதை எந்த இரத்தப் பரிசோதனையும் காட்டாது. அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.