கடலோரத்தில் வாடகை வீடு



பள்ளித் தேர்வுகள் முடியப்போகின்றன. பங்கு அலுவலகத்தில் திருப்பலிக் கருத்து எழுத வருகிறவர்கள் போகும்போது வாசலில் நின்று இன்னொன்றும் கேட்கிறார்கள்: "சாமி, மணப்பாட்டுல வீடு வாடகைக்குக் கிடைக்குமா? அன்பியத்துல எட்டுக் குடும்பம் சேர்ந்து மூணு நாள் தங்கிட்டு வரலாம்னு இருக்கோம்." வேளாங்கண்ணி, உவரி என்று கேட்பவர்களும் உண்டு. திருத்தலத்துக்குப் போகிறோம் என்றால் சாமி தட்டமாட்டார் என்பது அவர்கள் கணக்கு. கடலில் குளிக்கவும் மீன் சாப்பிடவும் போகிறோம் என்று நேராகவே சொல்லலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. உண்ணக்கூட நேரமில்லாமல் மக்கள் வந்துபோய்க்கொண்டிருந்தபோது, ஆண்டவர் தம் சீடர்களைப் படகில் ஏற்றித் தனிமையான இடத்துக்கு ஓய்வெடுக்க அழைத்துப் போனதை மாற்கு எழுதிவைத்திருக்கிறார். கூட்டம் அவர்களுக்கு முன்பே அங்கே போய் நின்றுவிட்டது என்பது வேறு கதை.

மதுரைக்காரர்களுக்குக் கடல் தூரத்துச் சொந்தம் மாதிரி. நம் வைகைகூடப் பெரும்பாலும் இராமநாதபுரம் பெரிய கண்மாயோடு நின்றுவிடுகிறது. கடலைப் பார்ப்பது அதற்கே அபூர்வம். ஆனால் நம் திருச்சபையின் கதை கடற்கரையிலிருந்துதான் இங்கே வந்தது. 1542இல் புனித சவேரியார் முத்துக்குளித்துறைக்கு வந்தார். மணப்பாட்டில் கடலை ஒட்டிய ஒரு குகையில் அவர் தங்கினார் என்பார்கள். அந்தக் குகை இன்றும் இருக்கிறது. 1595இல் சேசு சபையார் மதுரையில் ஓர் இல்லம் தொடங்கியதே, வணிகத்துக்காகக் கடற்கரையிலிருந்து இங்கே வந்து தங்கிய பரதவ மக்களுக்காகத்தான். அன்று அவர்கள் நம் ஊருக்கு விருந்தாளிகள். இன்று நாம் அவர்கள் ஊருக்குப் போகிறோம்.

முதலில் பணத்தைப் பேசிவிடுவோம், ஏனென்றால் முதல் மனத்தாங்கல் அங்கேதான் வருகிறது. வீட்டு வாடகை, வேன், சமையல் சாமான் எல்லாவற்றையும் கூட்டி எட்டால் வகுப்பது எளிது. ஆனால் அது சரியான கணக்கா? கணவனை இழந்து ஒரு மகளோடு வருகிற அக்காவும், ஆறு பேராக வருகிற குடும்பமும் ஒரே தொகை கட்டுவது நியாயமில்லை. தலைக்கு இவ்வளவு என்று வைத்தால் ஓரளவு சரிவரும். அப்போதும் ஒன்று விட்டுப்போகிறது. தொழிற்சாலையில் ஆண்டில் குறிப்பிட்ட நாள்கள் வேலை செய்தவருக்குச் சட்டப்படி 20 நாளுக்கு ஒரு நாள் வீதம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. வங்கியிலோ அரசுப் பள்ளியிலோ இருப்பவருக்கு இதைவிட மேலாகவே உண்டு. ஆட்டோ ஓட்டுபவருக்கும், தையல் கடையில் பீஸ் கணக்கில் தைப்பவருக்கும், நகைப் பட்டறையில் உட்காருபவருக்கும் அப்படி எதுவும் கிடையாது. அவர்கள் தங்கள் பங்கையும் கட்டி, மூன்று நாள் கூலியையும் இழந்துதான் வரவேண்டும். "பிள்ளைக்கு உடம்பு சரியில்ல, நீங்க போய்ட்டு வாங்க" என்று கடைசி நேரத்தில் ஒரு வீட்டிலிருந்து செய்தி வந்தால், காய்ச்சல் உண்மையிலேயே பிள்ளைக்குத்தானா என்று யோசித்துப் பாருங்கள்.

எனக்குத் தெரிந்து நன்றாக நடக்கிற வழி இது. நவம்பரிலேயே தொடங்கி மாதாமாதம் எல்லாருக்கும் ஒரே மாதிரி கவர் கொடுத்துவிடுங்கள். முடிந்ததை வைத்து ஒட்டி, பெயர் எழுதாமல் பெட்டியில் போடட்டும். ஏப்ரலில் எண்ணிப் பாருங்கள். சேர்ந்த பணத்துக்கு ஏற்றது மூன்று நாளா, இரண்டு நாளா என்று அப்போது முடிவு செய்யுங்கள். குறைந்தால் நாளைக் குறையுங்கள், ஆளைக் குறைக்காதீர்கள். "உங்களுக்கும் சேத்து நாங்க கட்டிட்டோம்" என்ற வார்த்தையை மட்டும் யாரும் சொல்லிவிடாதீர்கள். மூன்று நாளும் அந்தக் குடும்பம் வீட்டின் ஓரத்திலேயே உட்கார்ந்திருக்கும்.

அடுத்தது அடுப்படி. ஆண்கள் அலையில் விளையாடிவிட்டுப் பசியோடு வருகிறார்கள். முப்பது பேருக்குக் குழம்பு கொதித்துக்கொண்டிருக்கிறது. யார் கொதிக்கவைத்தது? மதுரையில் நாலு பேருக்குச் சமைத்தவர், இங்கே தெரியாத அடுப்பில் முப்பது பேருக்குச் சமைக்கிறார். இதற்குப் பெயர் ஓய்வா? மார்த்தா, மரியா கதையைப் பெண்களுக்கு எடுத்துச் சொல்கிற ஆண்களை நிறையப் பார்த்திருக்கிறேன். உயிர்த்த ஆண்டவர் திபேரியக் கடற்கரையில் கரி நெருப்பு மூட்டி, மீனும் அப்பமும் தயார் செய்துவைத்துச் சீடர்களைச் சாப்பிடக் கூப்பிட்டதை யோவான் 21ஆம் அதிகாரத்தில் அவர்கள் வாசித்திருக்க வேண்டும். உள்ளூரில் சமைத்துக் கொடுக்கும் அம்மாமார்கள் இருக்கிறார்கள். பேரம் பேசாமல் கூலி கொடுத்து ஒருவரை அமர்த்துங்கள். காய் நறுக்குவதும் பாத்திரம் கழுவுவதும் ஆண்கள் பாடு.

இனி கடல். இதைக் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். 2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டம் கணபதிபுரம் அருகே லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் அலையில் சிக்கி இறந்தார்கள். 'கள்ளக்கடல்' எச்சரிக்கை அதற்கு முன்பே விடப்பட்டிருந்தது. தெற்கே ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால், இந்தியப் பெருங்கடலின் அடிக்கோடியில் புயல் எழுப்பிய அலைகள் சில நாள் பயணம் செய்து இங்கே வந்து சேர்கின்றன. இங்கே காற்றும் இருக்காது, மழையும் இருக்காது. திருடன் போல வருவதால்தான் அந்தப் பெயர்.

கள்ளக்கடல் இல்லாத நாளிலும் ஆபத்து உண்டு. அலை கரைக்குக் கொண்டுவந்து கொட்டுகிற தண்ணீர் எப்படியாவது திரும்பிப் போயாக வேண்டும். அது ஒரு குறுகிய வாய்க்கால் மாதிரி வழி பிடித்து வேகமாக உள்ளே இழுத்துக்கொண்டு போகிறது. அந்த இடத்தில் அலை அதிகம் உடையாது, பார்க்க அமைதியாக இருக்கும். 'இங்கதான் பிள்ளைகள் குளிக்கத் தோது' என்று நாம் தேர்ந்தெடுப்பதும் அந்த இடமாகவே அமைந்துவிடலாம். கிணற்றிலும் கண்மாயிலும் நன்றாக நீந்துகிற நம் பையன்கள், இழுக்கும்போது கரையைப் பார்த்து எதிர்நீச்சல் போட்டுக் களைத்துப்போகிறார்கள். கரையை நோக்கிப் போராடக் கூடாது. முதலில் மிதக்க வேண்டும். பிறகு கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி இழுப்பிலிருந்து விலகி, அலையோடு கரைக்கு வரவேண்டும். காப்பாற்றக் கூடவே குதிக்காதீர்கள்; கயிறோ காலிக் குடமோ எறியுங்கள், மீனவர்களைக் கூப்பிடுங்கள். எங்கே இறங்கலாம் என்று காலையிலேயே ஊர்க்காரர் ஒருவரைக் கேட்டுவிட்டு இறங்குங்கள். குடித்தவர் யாராயிருந்தாலும் இறங்கக் கூடாது. இதைச் சொல்ல வேண்டியிருக்கிறதே என்று வருத்தம்தான். ஆனாலும் சொல்கிறேன்.

நாம் போகும் மே மாதம் அவர்களுக்கு எப்படிப்பட்ட மாதம் என்பதும் தெரிந்திருக்கட்டும். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். மீன் இனப்பெருக்கத்துக்காக விசைப்படகுகள் கடலுக்குப் போகாது; அதில் வேலை செய்பவர்களுக்கு அரசு நிவாரணம் தருகிறது, அது குடும்பச் செலவுக்குக் காணாது. நமக்கு அது விடுமுறை; அவர்களில் பலருக்கு வேலையில்லாத காலம். கரையில் நாட்டுப்படகு மீன்தான் கிடைக்கும், விலை கூடத்தான் இருக்கும். "மதுரையிலயே இதவிட மலிவு" என்று அங்கே நின்று சொல்லாதீர்கள். படகு நிற்கிற மாதத்தில் நம் வாடகையும் சமையல் கூலியும் அந்த ஊருக்கு உதவிதான். மணப்பாட்டுப் பெண்கள் முடைகிற பனையோலைப் பெட்டிகளையும் வாங்குங்கள். பிளாஸ்டிக் பையைவிட நாளும் உழைக்கும்.

பேதுரு யோப்பாவில் தங்கியிருந்த வீடும் கடலோரத்தில்தான் இருந்தது என்று திருத்தூதர் பணிகள் 10ஆம் அதிகாரம் சொல்கிறது. தோல் பதனிடும் சீமோனின் வீடு அது. அந்தத் தொழிலுக்குத் தண்ணீர் வேண்டும். நாற்றத்தால் ஊருக்குள் இடம் கிடைக்காது. இறந்த விலங்கின் தோலைத் தொடுவதால் தீட்டு என்றும் ஒதுக்குவார்கள். பேதுரு அங்கேதான் பல நாள் தங்கினார். கடற்கரை ஊரில் கருவாட்டு வாடை வருகிறதென்று மூக்கைப் பொத்திக்கொண்டு நடக்கிற பிள்ளைகளுக்கு இந்த வீட்டைப் பற்றிச் சொல்லிக்கொடுங்கள்.

கடைசியாக ஒரு நடைமுறைச் செய்தி. வெள்ளிக்கிழமை கிளம்பி ஞாயிறு மாலை திரும்புவதாகச் சொல்கிறீர்கள். நம் கத்தோலிக்க மீனவர்கள் ஞாயிறன்று கடலுக்குப் போவதில்லை. மீனைச் சனிக்கிழமையே வாங்கிக் குழம்பு வைத்துவிடுங்கள். மறுநாள் அது இன்னும் ருசியாக இருக்கும். ஞாயிறு காலைத் திருப்பலிக்கு எல்லாரும் ஊர்க்காரர்களோடு கோவிலில் இருங்கள்.