கோளாறே சரக்கான கதை

ஒலிப்பட்டறை – 9

சென்ற வாரம் கூம்புக் குழாயின் கழுத்தில் உட்கார்ந்திருக்கும் யூனிட்டைப் பிரித்துப் பார்த்தோம். இந்த வாரம் அதே மைக்செட்டோடு மல்லுக்கட்டும் ஒருவரைப் பார்க்கலாம். அவர் திருவிழா மேடையின் ஓரத்தில் நிற்கும் கிடார்காரர்.

ஆடி கடைசி வெள்ளி நெருங்கினால் சாத்தூர் பக்கத்து இருக்கன்குடிக்குப் போகும் சாலைகளெல்லாம் நடைபயணக் கூட்டம்தான். தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கமிருந்தெல்லாம் நடந்தே வருவார்கள். அர்ச்சுனா நதியும் வைப்பாறும் சேரும் இடத்தில் மாரியம்மன் கோயில். வழிநெடுக ஊருக்கு ஊர் பந்தல், பந்தலுக்குப் பந்தல் பாட்டு. கூம்பு வடிவ ஒலிபெருக்கிக்குத் தடை வந்த பிறகு பெட்டி ஸ்பீக்கர்கள் இடம்பிடித்துவிட்டன. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கியை அணைக்கச் சொல்கின்றன. விழாக் காலத்துக்கென்று வருடத்தில் 15 நாளுக்கு மிகாமல் நள்ளிரவு வரை அனுமதிக்க மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு. அந்த இரவுகளில்தான் இந்த வட்டாரத்து இன்னிசைக் குழுக்களின் பிழைப்பு ஓடுகிறது.

மேடைக்கு மேடை கேட்கிற பேச்சு இது:

“அண்ணாச்சி, லீடு வாசிச்சா டப்பாக்குள்ள வண்டு கத்துற மாதிரி கேக்கு. டிரெபிளைக் கொஞ்சம் குறைங்களேன்.”

“குறைச்சாச்சு தம்பி. இன்னும் குறைச்சா பாடுதவுக சத்தமும் சேர்ந்துல்ல அமுங்கும்? ஆம்ப்ளிஃபயர் நல்லாத்தான் இருக்கு. ஒம் பெடலைப் பாரு.”

இரண்டு பேர் மேலும் குற்றமில்லை. பெடலும் நன்றாகத்தான் இருக்கிறது, ஆம்ப்ளிஃபயரும் நன்றாகத்தான் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே இருக்கவேண்டிய ஒன்றுதான் இல்லை. அது என்ன என்பதற்கு முன்னால், மைக்செட்காரரையும் கிடார்காரரையும் யார் பிரித்தார்கள் என்று பார்க்கவேண்டும். ஆரம்பத்தில் இருவரும் ஒரே கடையில்தான் இருந்தார்கள்.

அமெரிக்காவில் கலிஃபோர்னியா மாநிலத்தின் ஃபுல்லர்டன் ஊரில் 1938இல் ஒரு ரேடியோ ரிப்பேர் கடை திறக்கப்பட்டது. முதலாளி லியோ ஃபெண்டர் கணக்கு எழுதும் வேலை பார்த்தவர். ரேடியோ ரிப்பேரோடு, ஒலிபெருக்கி செட்டுகளைத் தானே செய்து நடனக் கொட்டகைகளுக்கும் கூட்டங்களுக்கும் வாடகைக்கு விட்டார். நம் ஊர்க் கணக்கில் அவர் ஒரு மைக்செட்காரர். வாசிப்பவர்கள் பழுதான ஆம்ப்ளிஃபயர்களைத் தூக்கிக்கொண்டு அவரிடம் வந்தார்கள். எது அடிக்கடி கெடுகிறது, ஏன் கெடுகிறது என்று பார்த்துப் பார்த்தே அவர் தன்னுடைய ஆம்ப்ளிஃபயர்களை வடிவமைத்தார். உலகமே வாசிக்கும் கிடார்களைச் செய்த அந்த மனிதர் கடைசிவரை கிடார் வாசிக்கக் கற்றுக்கொள்ளவில்லை.

லண்டனில் டிரம்ஸ் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்த ஜிம் மார்ஷல் 1960இல் ஹான்வெல் பகுதியில் இசைக்கருவிக் கடை போட்டார். ஃபெண்டரின் பாஸ்மேன் ஆம்ப்ளிஃபயர் இங்கிலாந்தில் யானை விலை. கடையில் ரிப்பேர் பார்த்த கென் பிரான், இளைஞர் டட்லி கிரேவன் ஆகியோரோடு சேர்ந்து அதே சுற்றை உள்ளூர்ப் பாகங்களால் கட்டினார். 1962இல் அப்படிப் பிறந்ததுதான் ஜேடிஎம்45. வால்வு வேறு, டிரான்ஸ்ஃபார்மர் வேறு, ஸ்பீக்கர் வேறு என்றானதால் சத்தமும் வேறாகிவிட்டது. கிடைத்த பாகத்தை வைத்துக் கட்டுவது நம் ஊர்க் கடைகளுக்குப் புதிதா என்ன? அந்த ஆம்ப்ளிஃபயரின் முதல் கட்டத்தில் இருந்த ஈசிசி83 வால்வைப் பெங்களூருவின் பாரத் எலெக்ட்ரானிக்ஸும் செய்து விற்றது. 1961இல் வால்வு உற்பத்தியைத் தொடங்கிய நிறுவனம் அது.

பாகம் ஒன்று, பட்டறை ஒன்று. பிறகு எங்கே பிரிந்தார்கள்? கரகரப்பில்தான்.

மைக்செட்காரரின் தொழில் தர்மம் என்பது கரகரப்பு இல்லாமல் சத்தத்தைக் கொண்டுசேர்ப்பது. அதற்கு அவர்களிடம் இருக்கும் அறிவு லேசானதல்ல. 100 வாட் ஆம்ப்ளிஃபயரை 8 ஓம் ஸ்பீக்கரில் நேரடியாகக் கொடுத்தால் சுமார் 28 வோல்ட், மூன்றரை ஆம்பியர். ஊர் எல்லை வரை இழுத்த மெல்லிய ஒயர் இந்தச் சக்தியில் பாதியைச் சூடாக்கியே தின்றுவிடும். அதனால் ஆம்ப்ளிஃபயரின் பின்னால் 100 வோல்ட் முனையில் மாட்டுவார்கள். இப்போது ஒரே ஆம்பியர்தான். ஒயரில் வீணாவது கரண்டின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் இழப்பு பன்னிரண்டில் ஒரு பங்காகக் குறைகிறது. மறுமுனையில் ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மர் அதைத் திரும்ப இறக்கிக்கொள்ளும். சூத்திரம் எழுதிப் பார்த்தாரோ இல்லையோ, ஒவ்வொரு மைக்செட்காரரும் கையால் செய்யும் கணக்கு இது.

கிடார்காரரின் கதை நேர் எதிர். 1961இல் வெளியான மார்ட்டி ராபின்ஸின் ‘டோன்ட் வொரி’ பாட்டைப் பதிவு செய்தபோது, நாஷ்வில் ஸ்டூடியோவின் மிக்ஸரில் ஒரு சேனல் கெட்டுப்போயிருந்தது. கிரேடி மார்ட்டின் வாசித்த பகுதி கரகரவென்று பதிவாகிவிட்டது. நியாயப்படி அதை அழித்துத் திரும்ப எடுத்திருக்க வேண்டும். அப்படியே விட்டார்கள், பாட்டு ஓடியது. அந்தக் கோளாறு வேண்டும் என்று மற்றவர்கள் வந்து கேட்க ஆரம்பித்ததும், ஒலிப்பதிவாளர் கிளென் ஸ்னாடி தன் நண்பர் ரெவிஸ் ஹாப்ஸுடன் சேர்ந்து அதை டிரான்சிஸ்டர்களால் ஒரு சின்னப் பெட்டிக்குள் கட்டினார். 1962இல் கிப்சன் நிறுவனம் அதை மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன் என்று விற்றது. சந்தைக்கு வந்தும் அது தூங்கித்தான் கிடந்தது. 1965இல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் ‘சாட்டிஸ்ஃபேக்ஷன்’ வந்த பிறகுதான் அதற்கு மவுசு. மெக்கானிக் காசு வாங்கிக்கொண்டு நீக்கும் கோளாறை, இன்னொருவர் காசு கொடுத்து வாங்கும் காலம் அன்றைக்குத் தொடங்கியது.

அந்தப் பெட்டிக்குள் நடப்பது இவ்வளவுதான்: கிடாரிலிருந்து வரும் அலையைப் பல மடங்கு பெருக்கி, ஒரு அளவுக்கு மேல் போகாமல் தலையை வெட்டுவது. பின்னால் வந்த பெடல்கள் பலவற்றில் அந்த வேலையைச் செய்வது டயோடு. சிலிக்கான் டயோடு சுமார் 0.6 வோல்ட்டிலும், ஜெர்மானியம் 0.3 வோல்ட்டிலும், சிவப்பு எல்இடி 1.7 வோல்ட்டை ஒட்டியும் திறந்துகொள்ளும். அதற்கு மேல் அலை உயராது, தட்டையாகிவிடும். தட்டையான அலையில் மூல சுரத்தோடு அதன் மூன்று மடங்கு, ஐந்து மடங்கு, ஏழு மடங்கு அதிர்வுகளும் வந்து சேரும். கிடாரின் கரகரப்பு அந்தக் கூடுதல் அதிர்வுகள்தான்.

இந்த வகைப் பெடல்களில் உலகப் புகழ் பெற்றது ஐபனேஸ் நிறுவனத்தின் டியூப் ஸ்க்ரீமர். அதன் இதயம் 4558 என்ற எட்டுக் கால் ஐசி. வெளிநாட்டுக் கிடார்காரர்கள் எந்தக் கம்பெனி 4558 சிறந்தது என்று சண்டையே போடுவார்கள். இங்கே 4440 போர்டு வைத்து வீட்டுக்கு ஆம்ப்ளிஃபயர் கட்டித்தரும் எந்தக் கடையிலும், பாஸ்-டிரெபிள் போர்டில் குந்தியிருப்பது இதே 4558தான். பெடல் என்றதும் சென்னை ரிச்சி தெருவுக்கு ரயில் ஏற வேண்டியதில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

பெருக்கும்போதே 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள பாஸை டியூப் ஸ்க்ரீமர் படிப்படியாகக் குறைத்துவிடும். 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டரும் 0.047 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரும் சேர்ந்து செய்யும் வேலை அது. தடித்த கம்பிகளின் சத்தம் கொழகொழவென்று ஆகாமல் இருப்பது இதனால்தான். பெடலை மாற்றியமைக்க நினைப்பவர் முதலில் கைவைக்க வேண்டியதும் இங்கேதான். கெபாசிட்டரை 0.1 ஆக்கினால் பாஸ் கூடும். டயோடு ஜோடியில் ஒரு பக்கம் மட்டும் இரண்டை வரிசையாகப் போட்டால் அலையின் மேல்பாதியும் கீழ்ப்பாதியும் வேறு வேறு உயரத்தில் வெட்டுப்பட்டு, கரகரப்பின் குணமே மாறும். எல்இடி போட்டால் வெட்டு தாமதமாக விழும், சத்தம் உயரும்.

இனி அந்த வண்டுக்கு வருவோம். கிடார் ஆம்ப்ளிஃபயரில் இருக்கும் 12 அங்குல ஸ்பீக்கர் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் சட்டென்று சரிந்துவிடும். மைக்செட்டுக்கு அது லாயக்கில்லாத குறை. கிடாருக்கு அதுதான் வரம். கரகரப்பால் கிளம்பிய கூர்மையான மேல் அதிர்வுகளை அந்த ஸ்பீக்கர் வடிகட்டிவிடுகிறது. நம் மேடையில் கிடார் ஆம்ப்ளிஃபயர் இருப்பதில்லை. பெடலிலிருந்து ஒயர் நேராக மிக்ஸருக்குப் போகிறது. பெட்டி ஸ்பீக்கரின் டுவீட்டர், கிடார் ஸ்பீக்கர் விழுங்கியிருக்கவேண்டிய அத்தனையையும் கூட்டத்தின் காதில் கொட்டுகிறது. விலையுயர்ந்த கிடார் பிராசசர்களில் கேபினெட் என்று ஒரு அமைப்பு இருக்குமே, அது இந்த ஸ்பீக்கரைப் போல நடிப்பதற்காக வைத்ததுதான்.

பிராசசர் வாங்க வசதியில்லாதவர் ஒரே ஒரு 4558ஐ வைத்து ஒப்பேற்றலாம். அந்த ஐசிக்குள் இரண்டு ஆப்-ஆம்ப் உண்டு. முதலாவதை 1 மெகா ஓம் உள்வாங்கும் பஃபராகக் கட்டுங்கள். கிடாரை நேரே மாட்டினாலும் பிக்கப் மங்காது. அடுத்து 3.3 கிலோ ஓம் ரெசிஸ்டர், அதிலிருந்து கிரவுண்டுக்கு 10 நானோஃபாரட். அதற்கடுத்து 33 கிலோ ஓம், கிரவுண்டுக்கு 1 நானோஃபாரட். இரண்டு வடிகட்டியும் 4.8 கிலோஹெர்ட்ஸை ஒட்டியே வேலை செய்யும். இரண்டாவதைப் பத்து மடங்கு பெரிய ரெசிஸ்டரில் கட்டுவது முதலாவதுக்குச் சுமை ஏறாமல் இருக்க. கடைசியில் மீதி ஆப்-ஆம்ப்பைப் பஃபராகக் கட்டி மிக்ஸருக்கு அனுப்புங்கள். 9 வோல்ட்டை இரண்டு 10 கிலோ ஓம் ரெசிஸ்டரால் பாதியாக்கி 4.5 வோல்ட் நடுப்புள்ளி எடுத்துக்கொள்ளவேண்டும். உள்ளேயும் வெளியேயும் ஒரு கெபாசிட்டர் போட மறக்கக்கூடாது. 10 கிலோஹெர்ட்ஸில் சத்தம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காகிவிடும். வண்டு அடங்கும், பாடுபவருக்கும் சேதாரமில்லை. மைக்செட் மெக்கானிக்குக்கு இது ஒரு சாயங்கால வேலை.

இந்த வட்டாரத்துக்கென்றே சில கவனங்கள் உண்டு. பழைய டிரான்சிஸ்டர் ரேடியோக்களிலிருந்து ஏசி128 மாதிரியான ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்களைக் கழற்றி ஃபஸ் பெடல் கட்ட ஆசைப்படுபவர்கள் இருக்கிறார்கள். 1966இல் வந்த ஃபஸ் ஃபேஸ் பெடல் அந்த ஜாதிதான். ஆனால் ஜெர்மானியத்துக்கு வெயில் ஆகாது. சூடு 10 டிகிரி ஏற ஏற கசிவுக் கரண்ட் ஏறத்தாழ இரட்டிப்பாகும். காலையில் பட்டறையில் இனித்த பெடல், சாத்தூர் வெயிலில் காய்ந்த மேடையில் இருமிக்கொண்டு நிற்கும். கந்தக பூமியில் சிலிக்கானே புத்திசாலித்தனம். கட்டுவதுதான் என்றால் பயாஸ் ரெசிஸ்டருக்குப் பதில் ஒரு பிரீசெட் வைத்து, மேடையிலேயே திருகிச் சரிசெய்ய வழி விடுங்கள். கரிசல் புழுதி வால்யூம் கன்ட்ரோலுக்குள் புகுந்துதான் திருகும்போது சரசரக்கும். எண்ணெய் விடாதீர்கள், கான்டாக்ட் கிளீனர் போதும்.

இரைச்சல் வந்தால் எடுத்த எடுப்பில் பெடலைத் திட்டவேண்டாம். அடித் தொண்டையில் உறுமினால் அது 50 ஹெர்ட்ஸ், பெரும்பாலும் எர்த் சுற்றின் கோளாறு. அதைவிட ஒரு ஸ்தாயி மேலே ரீங்காரமிட்டால் 100 ஹெர்ட்ஸ், பவர் சப்ளையின் ஃபில்டர் கெபாசிட்டர் வற்றிவிட்டது என்று அர்த்தம். உறுமலை நிறுத்த பிளக்கின் எர்த் காலை வெட்டுகிறவர்கள் உண்டு. ஜெனரேட்டரில் ஓடும் மேடையில் கை கிடார் கம்பியிலும் உதடு மைக்கிலும் இருக்கும்போது அது உயிரோடு விளையாடுவது. டிரான்ஸ்ஃபார்மர் உள்ள டிஐ பாக்ஸ் ஒன்றை இடையில் மாட்டினால் எர்த்தைத் தொடாமலே உறுமல் போய்விடும்.

வால்வு ஆம்ப்ளிஃபயர் கையில் கிடைத்தால் எச்சரிக்கை இரட்டிப்பாக வேண்டும். உள்ளே 400 வோல்ட்டுக்கு மேலும் ஓடும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெபாசிட்டரில் அது தங்கியிருக்கும். தகுந்த ரெசிஸ்டர் வழியாக வடித்து, மீட்டரில் பார்த்துவிட்டுத்தான் கை வைக்கவேண்டும். அமெரிக்காவிலிருந்து சொந்தக்காரர் கொண்டுவந்தது என்றால் அது பெரும்பாலும் 120 வோல்ட்டுக்குச் செய்தது. நம் 230இல் மாட்டினால் புகைதான் மிச்சம்.

கிடார்காரரும் மைக்செட்காரரும் ஒருவர் பொருளை ஒருவர் குறை சொல்வதை நிறுத்திவிட்டு ஒரே மேசையில் உட்கார்ந்தால், இந்த வட்டாரத்துக்குத் தேவையான பெடல் இந்த வட்டாரத்திலேயே பிறக்கும். ஒருவருக்குக் கரகரப்பு எங்கே வேண்டும் என்று தெரியும், மற்றவருக்கு அது எங்கே வேண்டாம் என்று தெரியும். ஃபுல்லர்டனிலும் ஹான்வெல்லிலும் நடந்தது அதுதான். சால்டரிங் அயர்ன், 4558, வேலை தெரிந்த கை எல்லாம் சாத்தூரிலும் இருக்கின்றன. அடுத்த ஆடிக்கு இன்னும் நாள் இருக்கிறது, கிடாரைத் தூக்கிக்கொண்டு மைக்செட் கடைப் படியேறுங்கள்.

(அடுத்த வாரம்: நாடா சுழன்ற நாளிலிருந்து சில்லு வரை – எக்கோவின் கதை)