ஓடக் கால் உண்டு. வழிகாட்ட ஒருவர் வேண்டும்!

மூணாறுக்குத் தெற்கே, ஏலத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிறது ராஜாக்காடு. பாலக்காட்டிலிருந்து கோழிக்கோடு செல்லும் சாலையில் இருக்கிறது முண்டூர். வேலைக்கும் உறவுக்கும் நம்மவர் போய்வரும் பகுதிகள்தாம் இரண்டும். கூலி வேலை செய்யும் குடும்பங்களில் பிறந்த இரு பெண்கள் இந்த இரண்டு ஊர்களிலிருந்தும் புறப்பட்டு ஆசியாவையே ஓடி வென்றார்கள்.

25 சுற்று, ஒரு விநாடி!

ராஜாக்காட்டுப் பிரீஜா ஸ்ரீதரன் சிறு வயதிலேயே தந்தையை இழந்தவர். தாயார் கூலி வேலைக்குப் போனார். அண்ணன் படிப்பை விட்டுவிட்டுக் குடும்பப் பாரத்தைச் சுமந்தார். பிரீஜாவுக்கு பாலா அல்போன்சா கல்லூரியில் பயிற்சி அளித்தவர் தங்கச்சன் மாத்யூ. பின்னாளில் பெலாரஸ் நாட்டைச் சேர்ந்த நிக்கோலாய் ஸ்னெசரெவ் பயிற்சி தந்தார்.

2010-ல் சீனாவின் குவாங்சோ நகரில் ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்தது. 10,000 மீட்டர் என்றால் மைதானத்தை 25 தடவை சுற்ற வேண்டும். பிரீஜா 31 நிமிடம் 50.47 விநாடியில் ஓடித் தங்கம் வென்றார். அடுத்து வந்த நம் நாட்டுக் கவிதா ராவுத் ஒரு விநாடிகூடப் பின்தங்கவில்லை! 5,000 மீட்டரில் பிரீஜாவுக்கு வெள்ளி கிடைத்தது.

முண்டூர் மைதானம்

முண்டூர் பி.யு. சித்ராவின் பெற்றோர் விவசாயக் கூலிகள். வீட்டில் நான்கு பிள்ளைகள். அவரைக் கண்டெடுத்து வளர்த்தவர் பள்ளியின் உடற்பயிற்சி ஆசிரியர் என்.எஸ். சிஜின். நாம் 'டிரில் மாஸ்டர்' என்போமே, அவர்தான்! 2017-ல் புவனேஸ்வரத்தில் நடந்த ஆசியப் போட்டியில் சித்ரா 1,500 மீட்டரில் தங்கம் வென்றார்.

அடுத்து லண்டனில் உலகப் போட்டி. இந்திய அணிப் பட்டியலில் சித்ராவின் பெயர் இல்லை! கேரள உயர் நீதிமன்றம் அவரைச் சேர்க்கும்படி உத்தரவிட்டது. ஆனால் கெடு முடிந்துவிட்டது என்று உலக சம்மேளனம் மறுத்துவிட்டது. தங்கம் வென்றும் வாசலில் நிற்க வேண்டிய நிலை. வேறு யாராக இருந்தாலும் காலணியைக் கழற்றி வைத்திருப்பார்கள். சித்ரா கழற்றவில்லை. 2018 ஆசிய விளையாட்டில் வெண்கலம் பெற்றார். 2019-ல் தோஹாவில் மறுபடியும் ஆசியத் தங்கம் வென்றார்.

'போதும், நிறுத்து!'

வழிகாட்டி செய்வது என்ன? 'ஓடு' என்று யாரும் சொல்லிவிடலாம். 'இன்றைக்குப் போதும், நிறுத்து' என்று சொல்லத்தான் விவரம் தெரிந்தவர் வேண்டும். புதிதாக ஓடுகிறவன் முதல் நாளே வேகமாக ஓடி, மூன்றாம் நாள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். சிறிது ஓட்டம், சிறிது நடை என்று தொடங்க வேண்டும். பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகம் போதும். வாரத்தில் ஒரு நாளாவது ஓய்வு வேண்டும். தூரத்தை வாராவாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம்.

நம் பிள்ளைகளுக்கு

தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் தாய்க்கும், ஆபீசில் கணக்கு எழுதும் தந்தைக்கும் பிள்ளையின் மார்க் தெரியும். அவன் ஓடுவது தெரியாது. மேட்டிலும் பள்ளத்திலும் நடந்து பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் நம் வீடுகளிலும் இருக்கிறார்கள். அடுத்த முறை பள்ளிக்குப் போகும்போது, கணக்கு வாத்தியாரைப் பார்த்த பிறகு டிரில் மாஸ்டரையும் ஒரு நிமிடம் பாருங்கள். 'என் பிள்ளை ஓடுவானா, சார்?' என்று கேளுங்கள்.

கேட்பதற்குக் காசு இல்லை!