சத்தம் போடாத வால்வு

போன தை மாதம், வெளியில் மைனஸ் 19. ஸ்காபரோவில் அப்பாவின் 2009 ஹோண்டா சிவிக்கை ஸ்டார்ட் பண்ணினேன். தையல் மெஷின் ஓடுவது போல ஒரு "டிக் டிக் டிக்". சூடானதும் குறைந்தது, ஆனால் போகவில்லை. ஓடியது 262,000 கிலோமீற்றர்.

வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு கராஜுக்குக் கொண்டு போனேன். போனட்டைத் திறந்து இரண்டு நிமிடம் கேட்டார்கள். "என்ஜின் முடிஞ்சுது. பாவிச்ச என்ஜின் ஒன்று போடலாம், 4,800 டொலர். இல்லாட்டி ஸ்க்ராப்புக்குக் குடுங்கோ."

உண்மையைச் சொன்னால், எனக்கு உள்ளுக்குள்ளே ஒரு நிம்மதி. அப்பாவுக்கு 69 வயது. பனிக்காலத்தில் அவர் கார் ஓடுவது எனக்கும் மனைவிக்கும் பயம். கார் தானாகவே போய்விட்டால் "ஓடாதேங்கோ" என்று சொல்லும் வேலை மிச்சம். உங்களில் பலருக்கும் இந்த நினைப்பு வந்திருக்கும்.

அப்பா ஒரேயொரு கேள்விதான் கேட்டார்.

"மேல் மூடியைக் கழட்டி அளந்தவையோ?"

"இல்லை அப்பா, சத்தத்தைக் கேட்டுப்போட்டுத்தான் சொன்னவை."

"கேட்டுச் சொல்லுறது ஊகம், தம்பி. அளந்து சொன்னாத்தான் நோய் என்னெண்டு தெரியும்."

நான் சொஃப்ட்வெயர் எஞ்சினியர். லொக்கைப் பார்க்காமல் "சேர்வரை மாத்துங்கோ" என்று யாராவது சொன்னால் சிரிப்பேன். காருக்கு மட்டும் அதையே நம்பி, ஸ்க்ராப் யார்டின் நம்பரைத் தேடிக்கொண்டிருந்தேன்.

மண்ணெண்ணெயில் படித்த பாடம்

அப்பா 1993இல் கனடா வந்தார். அப்போது எனக்கு மூன்று வயது. அதற்கு முன் சுன்னாகத்தில் ஒரு கராஜில் வேலை செய்தவர். 1990இல் மறுபடி சண்டை தொடங்கியபின் யாழ்ப்பாணத்துக்குப் பொருளாதாரத் தடை. பெற்றோல் போத்தல் கணக்கில்தான் கிடைக்கும். ஒஸ்டின் ஏ40, மொறிஸ் மைனர் எல்லாம் மண்ணெண்ணெயில் ஓடின. கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள்.

மண்ணெண்ணெய் பெற்றோல் போல இலகுவில் ஆவியாகாது. எரியாத மிச்சம் சிலிண்டர் சுவரால் இறங்கி ஒயிலைத் தண்ணியாக்கும். கரி படியும். புது பார்ட்ஸும் வராது. ஆகவே எது உண்மையில் தேய்ந்தது, எது செட் பண்ணினால் சரியாகும் என்று பிரித்தறிவதுதான் மெக்கானிக்கின் முக்கியமான வேலை. "டப்பெட் அடிக்குது" என்று யார் காரைக் கொண்டு வந்தாலும் முதலில் மூடியைக் கழட்டி, ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய தகட்டை விட்டுப் பார்ப்பார்கள்.

மொறிஸ் மைனருக்கு ஒன்பதுக் கணக்கு என்று ஒன்று இருக்கிறது. எட்டு வால்வு. எட்டாவது முழுதாகத் திறந்திருக்கும்போது முதலாவதை அளக்க வேண்டும், ஏழாவது திறந்தால் இரண்டாவது. கூட்டினால் எப்போதும் ஒன்பது. இடைவெளி ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 12 பங்கு. முப்பது வருடத்துக்குப் பிறகும் அப்பாவுக்கு இது மனப்பாடம்.

எதற்கு இந்த இடைவெளி?

காம்ஷாஃப்ட் என்ற தண்டில் முட்டை வடிவ மேடுகள் இருக்கும். அது சுழலும்போது மேடு ரொக்கர் கையைத் தள்ள, கை வால்வைத் திறக்கும், ஸ்பிரிங் மூடும். என்ஜின் நிமிடத்துக்கு 2,000 தரம் சுற்றினால் ஒவ்வொரு வால்வும் 1,000 தரம் திறந்து மூடும். உலோகம் சூட்டில் நீளும் என்பதால், குளிராக இருக்கும்போது ரொக்கருக்கும் வால்வுக்கும் நடுவில் கொஞ்சம் இடம் விட வேண்டும். அப்பாவின் 1.8 லீற்றர் என்ஜினுக்கு இன்டேக் பக்கம் 0.18 முதல் 0.22 மில்லிமீற்றர், எக்ஸோஸ்ட் பக்கம் 0.23 முதல் 0.27.

இடைவெளி கூடினால் தட்டும், சத்தம் கேட்கும். குறைந்தால்? வால்வு தன் இருக்கையில் உட்கார்ந்து உட்கார்ந்து மேலே ஏறுவதால், பல என்ஜின்களில் எக்ஸோஸ்ட் இடைவெளி காலப்போக்கில் குறைந்துகொண்டே போகும். அப்போது ஒரு சத்தமும் வராது, என்ஜின் முன்பைவிட அமைதியாகக்கூட ஓடும். ஆனால் வால்வு முழுதாக மூடாது. வால்வின் சூடு பெரும்பாலும் அந்த இருக்கை வழியாகத்தான் வெளியேறுகிறது. அது தொடாவிட்டால் ஓரம் எரிந்து போகும். பிறகு சிலிண்டர் ஹெட்டையே கழட்ட வேண்டியதுதான்.

சனிக்கிழமை, எங்கள் கராஜில்

பங்குனியில் குளிர் கொஞ்சம் விட்டதும் தொடங்கினோம். அப்பா சொன்ன ஒழுங்கு இது.

முதலில் ஒயில். அளவு குறைந்தாலே மேல்பகுதி தட்டும். எங்கள் காரில் அளவு சரி, ஆனால் பெற்றோல் மணம். அப்பா கோயிலுக்கும் கடைக்கும் ஐந்து நிமிடம் ஓடி நிறுத்துகிறவர். ரொறன்ரோக் குளிரில் என்ஜின் சரியாகச் சூடாகுமுன் நிறுத்தினால் எரியாத பெற்றோல் ஒயிலில் தங்கும். "மண்ணெண்ணெய்க் கதைதான் திரும்ப வந்திருக்கு" என்று சிரித்தார். ஒயிலை மாற்றினோம்.

இரண்டாவது, சத்தம் வரும் இடம். நீளமான ஸ்க்ரூட்ரைவரின் நுனியை என்ஜினில் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்பது (சுழலும் பெல்ட்டுக்குக் கிட்டப் போகாதீர்கள்). மேலே மெல்லிய டிக் என்றால் வால்வுப் பக்கம். கீழே கனமான இடி என்றால் பேரிங், அப்போது உடனே நிறுத்த வேண்டும். எக்ஸோஸ்ட் மனிஃபோல்ட் கசிந்தாலும் இதே டிக் வரும், சூடானதும் மறையும். இன்ஜெக்டரும் இயல்பாகவே டிக் என்னும்.

மூன்றாவது, கம்ப்ரெஷன் டெஸ்ட். மூன்றாம் சிலிண்டர் மட்டும் மற்ற மூன்றையும்விடக் குறைவு. அதற்குள் ஒரு கரண்டி ஒயில் விட்டு மறுபடி அளந்தோம். எண் ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்ந்தது, ஏறாவிட்டால் பெரும்பாலும் வால்வு. ஏறவில்லை.

நான்காவது, மூடியைக் கழட்டி அளப்பது. என்ஜின் 38 பாகை செல்சியஸுக்குக் கீழே இருக்க வேண்டும், ஆகவே இரவு முழுக்க ஆற விட்டோம். ஒவ்வொரு சிலிண்டரையும் அமுக்க முடிவில் நிறுத்தி, 1, 3, 4, 2 என்ற வரிசையில் போனோம். மொத்தம் 16 இடைவெளி. என் எட்டு வயது மகள் கொப்பியில் கட்டம் போட்டு எழுதினாள். "பிள்ளை, எழுது, சைபர் தசம் மூண்டு சைபர்" என்று அவளின் அப்பப்பா சொல்ல, அவள் திருப்பிச் சொல்லி எழுதினாள்.

இன்டேக்கில் மூன்று 0.30க்குக் கிட்ட. தட்டியது இவைதான். மூன்றாம் சிலிண்டரில் ஓர் எக்ஸோஸ்ட் வால்வு 0.14. அதுதான் சத்தம் போடாமல் போய்க்கொண்டிருந்தது.

ஐந்தாவது, கண்ணால் பார்ப்பது. காம் மேடுகள் கண்ணாடி போல இருக்க வேண்டும். குழியோ செதில் உரிந்த அடையாளமோ இருந்தால் வெறுமனே செட் பண்ணிப் பயனில்லை. ரொக்கர் நுனி குழிந்திருந்தால் தகடு குழிக்கு மேலால் போய்விடும், உண்மையான இடைவெளி காட்டுவதைவிடக் கூட. எங்களுடையவை வழவழப்பாக இருந்தன.

செட் பண்ணி மூடினோம். டிக் சத்தம் நின்றது. இரண்டு கிழமை கழித்து அளந்தால் மூன்றாம் சிலிண்டரும் மற்றவற்றுக்குக் கிட்ட வந்திருந்தது. வால்வு இன்னும் எரியவில்லை. புது மூடிக் கஸ்கெட், ஒயில், ஃபில்டர் எல்லாம் சேர்த்து 120 டொலருக்குள்.

பிழை என்னுடையதும்தான். இந்தக் காரின் டாஷில் 4 என்ற எண் வந்தால் ஸ்பார்க் பிளக் மாற்றுவதோடு வால்வு இடைவெளியும் பார்க்க வேண்டும். நான் பிளக் மாற்றியதோடு விட்டுவிட்டேன்.

நீங்கள் கராஜுக்குப் போனால்

எல்லோரும் மூடியைக் கழட்டத் தேவையில்லை. கேள்வி கேட்டால் போதும். எந்தச் சிலிண்டர்? கம்ப்ரெஷன் எண்கள் என்ன? இடைவெளி எவ்வளவு? இந்த என்ஜினில் வால்வு செட் பண்ணக்கூடியதா? பல கார்களில் ஹைட்ரோலிக் லிஃப்டர் தானாகவே இடைவெளியைச் சரிசெய்யும், அங்கே செட் பண்ண எதுவும் இல்லை. எண் சொல்ல முடியாதவரிடம் என்ஜின் மாற்றக் கொடுக்காதீர்கள்.

ஒன்ராறியோவின் 2002 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் உங்கள் பக்கம். எழுத்தில் மதிப்பீடு கேளுங்கள். இறுதி பில் அதைவிட 10 வீதத்துக்கு மேல் போகக் கூடாது. கழட்டிய பழைய பாகங்களைப் பொதுவாக உங்களுக்குத் திருப்பித் தர வேண்டும். புதுப் பாகத்துக்கும் வேலைக்கும் குறைந்தது 90 நாள் அல்லது 5,000 கிலோமீற்றர் உத்தரவாதம், எது முதலில் வருகிறதோ அது.

பிள்ளைக்கு முதல் கார் வாங்குகிறவர்களுக்கு ஒன்று. "சேஃப்டி பாஸ்" என்றால் பிரேக், ஸ்டியரிங், லைட், டயர் போன்றவை சரி என்றுதான் அர்த்தம். வால்வு இடைவெளியை அதில் யாரும் அளப்பதில்லை. கம்ப்ரெஷன் டெஸ்டுக்குத் தனியாகக் காசு கொடுங்கள்.

அப்பா இன்னும் ஓடுகிறார். பனி கொட்டும் நாளில் ஓடுவதில்லை என்று அவரே ஒத்துக்கொண்டார். அதைக் காரைச் சாட்டாமல் நேரே கேட்டேன், அவ்வளவுதான். கேட்டபோது அவர் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "இதை முதலே கேட்டிருக்கலாமே, தம்பி" என்றார்.

கொப்பி கராஜ் சுவரில் தொங்குகிறது. அடுத்த முறை அளக்க வேண்டிய கிலோமீற்றரை மகள் சிவப்பில் எழுதி வைத்திருக்கிறாள்.