தரைக்கு ஒரு கணக்கு, முழங்காலுக்கு ஒரு கணக்கு

தேய்ந்துபோன பென்சில் ஹீல் ஒன்றைத் திருப்பிப் பாருங்கள். நுனியில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு கறுப்புத் துண்டு இருக்கும். அது தேயத் தேய, நடுவிலிருந்து ஒரு ஆணி பளபளவென்று எட்டிப்பார்க்கும். டைல்ஸ் தரையில் 'டக் டக்'கென்று சத்தம் கூடுவது அதனால்தான். செருப்பு தைப்பவர் குறட்டால் அந்தத் துண்டைப் பிடுங்கிவிட்டு, புதிதாக ஒன்றை ஹீலுக்குள் இருக்கும் குழாயில் செருகி, சுத்தியலால் நாலு தட்டு தட்டுவார். அந்தக் குழாய் எஃகு. வெளியே தெரிவது பிளாஸ்டிக். ஆளைத் தாங்குவது உள்ளே இருக்கும் எஃகு.

பெண்களின் காலணிக்கு ஹீல் வந்து சில நூற்றாண்டுகள் ஆகியும், இவ்வளவு ஒல்லியான ஹீல் 1950கள் வரை வராததற்குக் காரணமும் இதுதான். அதுவரை ஹீலை மரத்தில்தான் செதுக்கினார்கள். மரத்தை ஓரளவுக்கு மேல் மெலிதாக்கினால் இழையோடு பிளந்துவிடும். பிரெஞ்சு அரசர் பதினைந்தாம் லூயியின் பெயரால் வழங்கும் ஹீல், இடுப்பு சிறுத்து அடி விரிந்த வடிவம். மரம் அனுமதித்த நளினம் அவ்வளவுதான். எஃகு உள்ளே போனதும் கட்டுப்பாடு போய்விட்டது. கிறிஸ்டியன் டியோருக்காக ரோஜே விவியே 1954 வாக்கில் வடிவமைத்த ஊசி ஹீல்கள் உலகைச் சுற்றின. (இடையில் ஒன்று: ஹீலை முதலில் போட்டவர்கள் ஆண்கள். பாரசீகக் குதிரை வீரர்களின் பாதம் அங்கவடியிலிருந்து நழுவாமல் பிடித்துக்கொண்டது அது. 1701இல் இயசாந்த் ரிகோ தீட்டிய ஓவியத்தில் பதினான்காம் லூயி மன்னரே சிவப்பு ஹீலோடுதான் நிற்கிறார்.)

எஃகு இன்னோர் இடத்திலும் ஒளிந்திருக்கிறது. குதிகாலுக்கும் முன்பாதத்துக்கும் நடுவே, தரையைத் தொடாமல் அந்தரத்தில் நிற்கும் வளைவுக்குள் ஒரு தகடு இருக்கும். அது இல்லாவிட்டால் உடல் எடை அழுத்தி வளைவு தொய்ந்துபோகும். 1935இல் எத்தியோப்பியா மீது படையெடுத்த இத்தாலிக்குப் பன்னாட்டுத் தடை விதிக்கப்பட்டபோது, புளோரன்ஸில் காலணி செய்துகொண்டிருந்த சால்வதோரே ஃபெரகாமோவுக்கு நல்ல எஃகு கிடைக்கவில்லை. கிடைத்த மட்டமான தகடுகள் ஒடிந்தன. தகடு வேண்டியிருப்பதே அடியில் வெற்றிடம் இருப்பதால்தானே! அவர் அந்த வெற்றிடத்தையே சார்டினியத் தீவின் தக்கையால் அடைத்துவிட்டார். இன்று கடையில் 'வெட்ஜ்' என்று கேட்டு வாங்குகிறோமே, அது அப்படி வந்ததுதான். எனக்குத் தெரிந்து, தட்டுப்பாட்டில் பிறந்த நாகரிகங்களில் இவ்வளவு புத்திசாலித்தனமானது வேறில்லை.

சரி, இந்த ஒல்லி ஹீல் ஊன்றும் தரை என்ன ஆகிறது? பெட்ரோல் பங்கில் கார் டயருக்குக் காற்றடிக்கும்போது மீட்டர் 30 பிஎஸ்ஐ பக்கம் காட்டும். டயர் சாலையை அழுத்துவதும் ஏறக்குறைய அதே அளவுதான். 50 கிலோ எடையுள்ள பெண் நடக்கும்போது, ஒரு கணம் மொத்த எடையும் ஒரே ஹீலில் இறங்குவதாக வைத்துக்கொள்வோம். ஹீலின் அடி ஐந்துக்கு ஐந்து சென்டிமீட்டர் பிளாக் ஹீல் என்றால் அழுத்தம் 28 பிஎஸ்ஐ, கார் டயர்போலத்தான். அதுவே ஒரு சதுர சென்டிமீட்டர் நுனியுள்ள பென்சில் ஹீல் என்றால் 700ஐத் தாண்டிவிடும். ஆள் அதே ஆள், எடை அதே எடை. ஊசி ஹீல் வந்த புதிதில் மரத்தரைகளும் லினோலியமும் குழி விழுந்ததில் வியப்பில்லை. 2009இல் கிரேக்க அரசு தன் பழங்காலச் சின்னங்களுக்குள் ஹை ஹீல்ஸோடு வரக்கூடாது என்று தடை போட்டதும் பளிங்குக் கல்லைக் காப்பாற்றத்தான்.

ஆக, தரைக்கு அகலம்தான் முக்கியம். முழங்காலுக்கும் அப்படித்தான் என்று நம்பித்தான் பலரும் பென்சில் ஹீலை விட்டு பிளாக் ஹீலுக்கு மாறுகிறார்கள். கணுக்கால் பிசகாது, உண்மை. ஆனால் அமெரிக்க மருத்துவர் கேசி கெரிகனின் குழு 2001இல் 'லான்செட்' இதழில் வெளியிட்ட ஆய்வில், அகல ஹீல் போட்டு நடந்தபோது முழங்காலின் உட்புறத்தில் விழும் திருகு விசை, வெறுங்காலோடு ஒப்பிட்டால் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு கூடியிருந்தது. ஒல்லி ஹீலிலும் கிட்டத்தட்ட அதே அளவு. மூட்டுத் தேய்மானம் பெரும்பாலும் தொடங்குவது அந்த உட்புறத்தில்தான். முழங்கால் பார்ப்பது உயரத்தை. அகலத்தை அது கண்டுகொள்வதே இல்லை. பிளாக் ஹீல் வசதியாக இருப்பதால் நாள் முழுக்கக் கழற்றாமல் போட்டிருப்போம் என்பது கூடுதல் சிக்கல்.

கெண்டைக்காலுக்கும் உயரம்தான் கணக்கு. ஆண்டுக்கணக்கில் ஹீல்ஸ் போட்ட பெண்களை 2010இல் மார்க்கோ நாரிச்சியும் சக ஆய்வாளர்களும் ஸ்கேன் செய்து பார்த்தார்கள். கெண்டைக்கால் தசையிழைகள் மற்றவர்களைவிடப் பத்து சதவீதத்துக்கும் மேல் குட்டையாகியிருந்தன. குதிகால் தசைநாண் தடித்து விறைத்திருந்தது. தட்டைச் செருப்புக்கு மாறினால் கால் இழுக்கிறது, வலிக்கிறது என்று சிலர் சொல்வது சாக்கு இல்லை. குட்டையான தசை நிஜமாகவே இழுபடுகிறது. அவர்களுக்கு நாரிச்சி சொன்ன யோசனை எளிது: படிக்கட்டின் விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி நின்று, குதிகாலை மெல்ல மெல்லக் கீழே இறக்குங்கள்.