சுராங்கனியும் வாவிக்கரைத் தாளமும்

‘சுராங்கனி’ பாட்டைச் செவியுறாத தமிழ் இல்லம் அரிது. சிங்களமும் தமிழும் கலந்து மீன் கொணர்ந்த சேதி சொல்லும் அச்சிறு பாட்டு, ஏ. ஈ. மனோகரனின் இசைத்தட்டு வாயிலாக 1970களில் கடல் கடந்து புகழ் கொண்டது. 1977இல் ‘அவர் எனக்கே சொந்தம்’ படத்தில் இளையராஜாவும் அதனை எடுத்தாண்டார். ‘சிலோன் மனோகர்’ என்றே தமிழகம் அழைத்த அப்பாடகர் 2018இல் சென்னையில் மறைந்தார்.

பாட்டை அறிந்தோர் பலர். அதன் துள்ளலுக்குக் குலம் கோத்திரம் வினவியோர் சிலரே! அது பைலா, ஆடலைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல்லின் வழிவந்த பெயர். அதன் மூத்த உறவாகிய கபரிஞ்ஞாவை மட்டக்களப்புப் பறங்கியர் தம் கலியாண வீடுகளில் வயலினும் மேளமும் முழங்க ஆடிவருகின்றனர். தச்சிலும் கொல்லிலும் கைதேர்ந்த சிறு சமூகம் அது. போர்த்துக்கேயரின் கோட்டை 1638இல் ஒல்லாந்தர் வசமாயிற்று. அம்மொழியோ முதியோர் சிலரின் நாவில் இன்றும் வாழ்கின்றது.

1998இல், லிஸ்பன் உலகப் பொருட்காட்சியையொட்டி வெளிவந்த இசைத்தட்டு வரிசையில் இலங்கையின் பைலாவும் கபரிஞ்ஞாவும் இடம்பெற்றன. சந்தையை நோக்கி எழுந்த முயற்சியன்று அது. ஆயினும் ஆறே ஆண்டுகளில், 2004 டிசம்பர் 26ஆம் நாள், பறங்கியர் குடியிருந்த டச்பாரை ஆழிப்பேரலை வாரிக்கொண்டது. பாடியோரும் ஆடியோருமாகப் பலர் மாண்டனர். தப்பியோரின் கலியாணங்களில் அந்த வயலின் ஓயவில்லை.