கை எட்டலையா... கட்டையைக் கொண்டா! - பியானோவில் சிரிக்க வைக்கும் ரெண்டு பேர்

யூடியூபில் 'ரக்மானினோவ் ஹேட் பிக் ஹேண்ட்ஸ்' என்று தேடிப் பாருங்கள். கோட், சூட் போட்ட ஒருத்தர் பியானோ முன்னாடி உட்கார்ந்திருப்பார். வாசிக்க வேண்டியது ரக்மானினோவின் புகழ்பெற்ற 'சி ஷார்ப் மைனர் ப்ரெலூட்'. ஆனா, கை எட்டலை. உடனே பக்கத்தில் இருக்கிற வயலின்காரர், முளை வைத்த மரச்சட்டங்களை ஒவ்வொன்றா எடுத்து நீட்ட ஆரம்பிப்பார். அதை வாங்கி வாங்கி பியானோ மேல அமுக்க, சுருதி பிசகாமல் பாட்டு வரும். அரங்கமே விழுந்து விழுந்து சிரிக்கும்.

பியானோக்காரர் ஹியுங்-கி ஜூ. கொரிய வம்சாவளி, பிரிட்டனில் பிறந்தவர். வயலின்காரர் அலெக்ஸி இகுடெஸ்மன். அன்றைய லெனின்கிராடில் பிறந்தவர். 'இகுடெஸ்மன் அண்ட் ஜூ' என்ற பெயரில் 2004 முதல் உலகம் சுற்றி வந்த ஜோடி இது.

இந்த வீடியோவில் என்ன காமெடி என்று கேட்டால், பாதி உண்மை என்பதுதான் காமெடி. பியானோவில் ஒரு ஆக்டேவ், அதாவது 'ச'விலிருந்து மேல் 'ச' வரை, சுமார் 16.5 சென்டிமீட்டர். உங்க கையை விரிச்சு ஸ்கேலில் வைத்துப் பாருங்களேன். கட்டைவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனி வரை பலருக்கு அதைவிடச் சில சென்டிமீட்டர்தான் கூட இருக்கும். ரக்மானினோவுக்கோ ஒரே கையில் 12 வெள்ளைக் கட்டைகள் வரை எட்டும் என்பார்கள். அந்தக் கையை வைத்துக்கொண்டு தன் இஷ்டத்துக்கு எழுதிவிட்டுப் போய்விட்டார் மனுஷன். இந்த ப்ரெலூடை எழுதியபோது அவருக்கு வயசு 19. பின்னால் வந்த சின்னக் கைக்காரர்கள் எல்லாம் மணிக்கட்டு வலியோடு மல்லுக்கட்டுகிறார்கள். பியானோ படிக்கிற யாரையாவது கேளுங்கள், கண்ணீரோடு கதை சொல்வார்கள். அந்த வலியைத்தான் மரச்சட்டம் வைத்து ஜோக்காக்கிவிட்டார்கள் இவர்கள்.

சரி, சட்டத்தை வைத்து அமுக்கினா யார் வேணா வாசிக்கலாமே? அங்கதான் விஷயமே இருக்கு. ஒவ்வொரு சட்டத்திலும் எந்தச் சுரத்துக்கு முளை வேண்டுமோ அங்கே மட்டும்தான் முளை. அது சரியான இடத்தில் உட்காரணும். அடுத்தது அரை நொடி தாமதமாக வந்தாலும் தாளம் போச்சு, சிரிப்பும் போச்சு. தப்பா வாசிச்சுச் சிரிக்க வைக்கிறது சுலபம். இவர்கள் சரியா வாசித்துச் சிரிக்க வைக்கிறார்கள். என்னைக் கேட்டால், சீரியஸான கச்சேரியைவிட இதற்குத்தான் ஒத்திகை அதிகம் தேவை.

அந்தப் பொருத்தம் ஒரே நாளில் வந்ததில்லை. இங்கிலாந்தில் யெஹுதி மெனுஹின் நடத்திய இசைப் பள்ளியில் ரெண்டு பேரும் சந்தித்தபோது வயசு 12. (நம்ம ரவிஷங்கரோடு சேர்ந்து வயலின் வாசித்தாரே, அதே மெனுஹின்தான்.) ஆரம்பத்தில் ஒருத்தருக்கொருத்தர் ஆகவே ஆகாதாம். ஒருநாள் ஜூ, 'ஃபிஷ் அண்ட் சிப்ஸ்' பொட்டலத்தை நீட்ட, சமாதானம் ஆனதாக அவர்களே சொல்கிறார்கள். நட்பு ஆரம்பிக்க ஹாஸ்டல் பசியைவிட வேற என்ன வேணும்?

காமெடிக்கு வந்தவர்கள் என்பதால் இசையில் சுமார் என்று நினைச்சுடாதீங்க. பாப் பாடகர் பில்லி ஜோயல், க்ளாசிக்கல் பாணியில் பியானோ இசை எழுதி 2001-ல் ஆல்பம் வெளியிட்டபோது, வாசித்தது ஜூதான். இகுடெஸ்மன் சொந்தமாக இசையமைப்பவர். சோலோவாகவே பிழைத்திருக்கலாம். ஆனால், இருமினால்கூடத் திரும்பி முறைக்கிற மேற்கத்திய க்ளாசிக்கல் அரங்குக்குள் சிரிப்பைக் கொண்டுவரணும் என்று பிடிவாதமாக இருந்தார்கள். ஷோவுக்கு வைத்த பெயரே 'எ லிட்டில் நைட்மேர் மியூசிக்'. மோட்சார்ட்டின் 'சின்ன இரவிசை'யை, 'நைட்' பக்கத்தில் ஒரு 'மேர்' சேர்த்து கெட்ட கனவாக்கிவிட்டார்கள்!

மேடையில் இவர்களைக் கவனித்தால் இன்னொன்றும் புரியும். ஒருத்தர் அசடு வழியும்போது இன்னொருத்தர் முகத்தை விறைப்பாக வைத்திருப்பார். அடுத்த ஐட்டத்தில் அது தலைகீழாகும். ஒரு ஸ்கிட்டில் ஒருத்தர் கையில் ரிமோட், இன்னொருத்தர்தான் டி.வி! பட்டனை அமுக்கினால் அதுக்கேற்ப ஆடணும். யார் ஹீரோ, யார் காமெடியன் என்ற சண்டைக்கு இடமே இல்லாத பங்கீடு. நம்ம ஊர் காமெடி ஜோடிகள் பலது பிரிஞ்சதே அந்த இடத்தில்தானே!

முதல் தடவை பார்க்கிறவங்க மரச்சட்டத்தில் ஆரம்பிங்க. அடுத்து 'மோட்சார்ட் பாண்ட்'. மோட்சார்ட்டும் ஜேம்ஸ் பாண்டும் எங்கே மோதிக்கொள்கிறார்கள் என்று கவனிங்க. பஸ்ஸில் பார்ப்பதாக இருந்தால் ஹெட்போன் கட்டாயம். சத்தமா சிரிச்சு, பக்கத்து சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தால் அவருக்கும் ஒரு காதைக் கொடுங்க.